அம்மாவோடு ஐந்து நாள்: நட்டாலத்திலிருந்து காற்றாடிமலை வரை

முதல் நாள், திங்கள்

மூன்று மாதமாக எனக்கு வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 48 வயது ஆள் ஆடி மாதக் காற்றில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாக ஏன் அலைகிறான் என்று கேட்பீர்கள்.

சென்னைக்கு வெளியே ஒரு வார்ப்புத் தொழிற்சாலை. தரம் பார்க்கும் பிரிவில் 19 வருடம். ஏப்ரலில் எங்கள் பிரிவையே மூடினார்கள். பிறகு நான்கு இன்டர்வியூ. கடைசியாகப் போனது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி; வியாழக்கிழமைக்குள் சொல்கிறோம் என்றார்கள். அதுவரை வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம், ஊருக்குப் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மனைவிதான் ரயில் டிக்கெட் போட்டாள்.

நாகர்கோவில் வந்தும் படுத்துத்தான் கிடந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி. அம்மா ஒரு நாள் பார்த்தாள். இரண்டாம் நாள், "தேவசகாயம் இடமெல்லாம் ஒரு சுத்து போயிட்டு வருவோம் மக்களே. எனக்கொரு நேர்ச்சை கிடக்கு" என்றாள். தேவசகாயம் எங்கள் பக்கத்துப் புனிதர்; 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவராகி, சுட்டுக் கொல்லப்பட்டவர். என்ன நேர்ச்சை, எதற்காக வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அம்மாவுக்கு 74 வயது. பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னால் எழுந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை, அதனால் முதலில் நட்டாலம், அரண்மனை நாளைக்கு என்று திட்டமும் அவளே போட்டிருந்தாள். பஸ் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். வந்த பஸ்ஸில் எல்லாம் நான் ஏறப் போக, அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "அது காசு பஸ்." பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ் வரும்வரை அவள் அசையமாட்டாள். எனக்கு எப்படியும் டிக்கெட் எடுக்க வேண்டும், அவளுக்கு மிச்சமாவது முப்பதோ நாற்பதோ ரூபாய். அதற்கு இத்தனை நேரமா என்று எரிச்சலாக வந்தது. வேலை இல்லாதவனுக்கு நேரம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

மார்த்தாண்டத்தில் இறங்கி, ஆட்டோவில் நட்டாலம். ரப்பர், தென்னை, நடுவில் வாழை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. 1712 ஏப்ரல் 23 அன்று இங்கேதான், பின்னாளில் தேவசகாயம் ஆன நீலகண்டன் பிறந்தார். வசதியான நாயர் குடும்பம். வளர்ந்து திருவிதாங்கூர் அரண்மனை ஊழியத்தில் சேர்ந்தார். மார்த்தாண்ட வர்மா நாட்டை விரித்துக்கொண்டே போன காலம் அது. நல்ல உத்தியோகம், நிலம், மாடு, மனைவி பார்கவி.

அப்புறம் இறங்குமுகம். மாடுகள் செத்தன, விளைச்சல் போனது, ஒன்றன்பின் ஒன்றாக நட்டம். மனிதர் நொடிந்துபோனார். இந்தக் கதையைச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் நூறு முறை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தப் பகுதியைத் தாண்டி, எருமை மேல் ஏற்றிய கட்டம் எப்போது வரும் என்று காத்திருப்போம். இன்றைக்கு மாடு செத்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு மாடு செத்தால் தற்செயல் என்று சொல்லலாம். மூன்றாவது மாடும் செத்தால் ஆள் இரவில் தூங்கமாட்டான்.

வீடு, கிணறு எல்லாம் பார்த்தோம். அம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னாள். நான் போனை எடுத்து மெயில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் கிடக்கிறது, தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

திரும்பும்போது மார்த்தாண்டத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். அம்மா சாப்பாட்டில் சிக்கனம் பார்க்கமாட்டாள்.

இரண்டாம் நாள், செவ்வாய்

தக்கலையில் இறங்கி அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இதைப் பார்த்துக்கொள்வது கேரள அரசு. டிக்கெட் கொடுக்கிறவரே மலையாளத்தில்தான் பேசினார். மரத்தில் இழைத்த கூரை, கண்ணாடி மாதிரித் தரை, குனிந்து போக வேண்டிய வாசல்கள். அம்மாவுக்குப் படி ஏற முடியவில்லை. "நீ போய்ப் பாரு, எனக்கு ராஜா வீட்ல என்ன சோலி" என்று முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, இனி நான் தாசன் மட்டுமே என்றார். திருப்படித்தானம் என்பார்கள். அதே நேரம் அதே நாட்டில் ஒரு பழைய அரண்மனை ஊழியன், இன்னொரு தெய்வத்துக்குத் தன்னை எழுதிக்கொடுத்த குற்றத்துக்காகச் சங்கிலியில் கிடந்தான். மதம் மாறியது காரணமல்ல, அரசாங்கக் குற்றம்தான் காரணம் என்று வாதாடுகிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. கிறிஸ்துவை விட்டுவிட்டால் பழைய பதவி கிடைக்கும் என்று ஆசை காட்டிப் பார்த்தார்கள் என்பது எங்கள் ஊர் மரபு. நான் எங்கள் ஊர்க்காரன்.

அரண்மனையைவிட எனக்குப் பிடித்தது புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பெரிய மரங்களுக்கு நடுவே நடந்தால், கூரை போன ஒரு சிற்றாலயம். உள்ளே டிலனாயின் கல்லறை, பக்கத்திலேயே அவர் குடும்பத்தாருக்கும். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். ஆண்டு 1777.

டிலனாய் டச்சுக் கம்பெனியின் தளபதி. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர். பிடித்த ராஜாவுக்கே படை பழக்கிக் கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். கோட்டை வேலைகளில் அவருக்கும் நீலகண்டனுக்கும் பழக்கம். ஆள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து டிலனாய் விசாரிக்க, மாடு செத்த கதை வெளியே வந்தது. அப்போது அவர் சொன்ன கதைதான் பைபிளில் வரும் யோபு.

யோபுவின் கதையைச் சொன்னாரே, அதில் எனக்கு ஒரு வியப்பு. ஆறுதல் சொல்ல வந்தவர் சுலபமான ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எங்கள் சாமியைக் கும்பிடு, போன மாடு திரும்பி வரும் என்று சொல்லியிருக்கலாம். யோபு அப்படிப்பட்ட புத்தகம் இல்லை. குற்றமே செய்யாத ஒருவன் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து, சாம்பலில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டால் புண்ணைச் சுரண்டி, கடவுளிடம் காரணம் கேட்கிற புத்தகம். நண்பர்கள் வந்து நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளே வந்து பேசுகிறார், அப்போதும் காரணம் சொல்லவில்லை. இந்தக் கதையைக் கேட்டு ஒருவன், இந்தக் கடவுள் எனக்கு வேண்டும் என்று கிளம்பியிருக்கிறான். இதைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு என்ன சொன்னா நீ கிளம்புவ?" என்றாள்.

பதில் என்னிடம் இருந்தது, வெளியே சொல்லவில்லை. என் கணக்கு வேறு. ஞாயிறு பூசை தவறியதில்லை. பங்குக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். குடும்ப செபம் சொல்கிறோம். அதற்குப் பதிலாக எதையும் பெரிதாகக் கேட்டதில்லை, மாதம் பிறந்தால் சம்பளம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மூன்று மாதமாக வரவில்லை. பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு நோட்டை நான் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இந்தக் கோட்டைக்குள்தான் டிலனாய் பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்திருந்தார். வார்ப்பு என்றதும் கை பரபரத்தது. எங்கள் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் என்று எத்தனையோ வந்துவிட்டாலும், வார்த்து எடுத்த துண்டைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்போம். கிண்ணென்று நீண்டால் சரி. டொக்கென்று செத்தால் உள்ளே எங்கேயோ விரிசல். நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு கேள் தம்பி என்று சொல்லிக்கொடுத்தார். பல லட்சம் துண்டுகளைத் தட்டியிருப்பேன். அம்மாவுக்கு இதை விளக்கினேன். "பானை வாங்கப் போனா நாங்களும் அப்படித்தான் தட்டுவோம்" என்று முடித்துவிட்டாள்.

டிலனாய் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். நண்பன் அடிபட்டுக் கிடந்த மூன்று வருடமும், சுடப்பட்ட பிறகு 25 வருடமும், இவர் அதே அரச குடும்பத்துக்குப் படை நடத்தினார். அவர் நிலையில் என்ன செய்திருக்க முடியும், கைதியாக வந்த அந்நியர்தானே என்றும் தோன்றுகிறது. ஆனாலும் என் டீமில் வேலை தப்பிய ஒரு நண்பன் ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. கல்லறை முன்னால் நின்றபோது அவன் முகம்தான் வந்தது.

பக்கத்தில்தான் முட்டிடிச்சான் பாறை. இழுத்துப்போகிற வழியில் தாகத்தால் தவித்த தேவசகாயம், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், முழங்கையால் பாறையில் இடித்தபோது ஊறியது என்று சொல்லும் ஊற்று. பாறையில் ஒரு சின்னக் குழி. அதில் தண்ணீர். அம்மா பழைய ஜூஸ் பாட்டிலைக் கொண்டு வந்திருந்தாள். நான் குழியருகே குந்தியிருந்து மூடியால் மொண்டு மொண்டு பாட்டிலுக்குள் ஊற்றினேன். ஒரு மூடிக்கு எவ்வளவு கொள்ளும்? பாதித் தண்ணீர் கையில் வழிந்தது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. பாட்டில் முக்கால் நிறைந்ததும் அம்மா போதும் என்றாள். "மத்தவங்களுக்கும் வேணும்லா."

மூன்றாம் நாள், புதன்

மழை. மத்தியானம் வரை வீடு. அதன் பிறகு பெருவிளை மட்டும். நாகர்கோவிலை ஒட்டிய இடம். இங்கே ஒரு வேப்ப மரத்தில் தேவசகாயத்தை ஏழு மாதம் கட்டி வைத்திருந்தார்களாம். வெயில், மழை, பனி எல்லாம் அந்த மரத்தடியில். தண்டனை நிறைவேற்றும் சேவகன் ஒருவனுக்குப் பிள்ளை இல்லை, அவனுக்கு அவர் வேப்பிலை பறித்துக் கொடுத்து, அவன் வீட்டில் பிள்ளை பிறந்தது என்று ஒரு கதை. இன்றும் வேப்பிலை கேட்டு வருகிறவர்கள் உண்டு.

எருமைக் கதையும் சொல்லிவிடுகிறேன், சிறுவயதில் காத்திருந்த கட்டம் அல்லவா. கைகளைப் பின்னால் கட்டி, எருமையின் வால் பக்கம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி. 1749-இல் தொடங்கி இப்படி மூன்று வருடம். சிறுவயதில் இதைக் கேட்டு ரத்தம் கொதித்தது. இப்போது வேறொன்று உறுத்துகிறது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. கடந்து வந்த பாதை மட்டும்தான் கண்ணில் படும்.

"முன்னால பாத்து உக்காந்திருந்தா மட்டும் தெரிஞ்சிருக்குமோ?" என்று அம்மா கேட்டாள், குடையை மடக்கிக்கொண்டே.

இரவு தூக்கம் வரவில்லை. நாளை வியாழன்.

நான்காம் நாள், வியாழன்

வடக்கன்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காவல்கிணற்றில் இறங்கி, இன்னொரு பஸ். கணவாயில் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. வெளியே முப்பந்தல் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. மலையைக் காட்டி, இறங்கலாமா என்றேன். "அது நாளைக்கு. செத்த இடத்த முதல்ல பாத்துட்டா பிறந்த இடம் ருசிக்காது" என்றாள். நட்டாலத்தைத்தான் திங்கட்கிழமையே பார்த்துவிட்டோமே என்று நினைத்தேன், பிறகுதான் புரிந்தது. அவள் சொன்னது ஞானஸ்நானத்தை.

அன்றைக்கு வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே. அங்கே இயேசு சபைக் குருக்கள் இருந்தார்கள். டிலனாய் கொடுத்த கடிதத்தோடு நீலகண்டன் கணவாயைக் கடந்து வந்தார். குரு உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை, இதன் விலை தெரியுமா என்று பலமுறை சோதித்தார் என்பார்கள். 1745 மே மாதம் ஞானஸ்நானம். பெயர் லாசர், தமிழில் தேவசகாயம்.

இப்போதுள்ள திருக்குடும்ப ஆலயம் பிற்காலத்தது. ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரியும் கட்டடம். ஏன் இரண்டு? சாதிக்கு ஒன்று. ஒரு சாதியை இன்னொரு சாதி பார்க்காமல் பூசை காண, நடுவில் சுவர். சாதியையும் விட்டு வந்தவர் என்று நாம் கொண்டாடுகிற ஆள் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில்தான் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரை இடித்தார்கள், அதுவும் நீதிமன்றம் வரை போனது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரின் பின்னால் இருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். அதற்கும் இங்கே சிலருக்கு வருத்தம். சரி, இதை எழுதினால் நீண்டுவிடும்.

நான் பார்க்க வந்தது ஞானப்பூவின் கல்லறையை. பார்கவி அம்மாள்தான் ஞானப்பூ. கணவர் கிறிஸ்தவரானதும் அவரும் இங்கேயே வந்து ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் போன பிறகு சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1766 வரை, 14 வருடம், வடக்கன்குளத்திலேயே இருந்து இறந்தார். குழந்தையும் இல்லை. புனிதரின் சிலை எல்லா ஊரிலும் இருக்கிறது, சங்கிலியோடு, முழங்காலில். இவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கென்னவோ அவர் மூன்று வருடம் பட்டதும் இவர் 14 வருடம் பட்டதும் வேறு வேறு பாடு என்று தோன்றுகிறது. அவருக்குத் தினமும் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது: விட்டுவிடுகிறாயா, இல்லையா? இவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, அந்நிய ஊரில் இன்னொரு நாளைக் கழிக்க வேண்டும்.

அங்கே நின்றபோதுதான் மெயில் வந்தது. 11.40. தங்கள் தகுதிகள் சிறப்பானவை, எனினும். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, 'எனினும்' வந்தாலே போதும்.

அம்மா கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், கல்லறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையிலிருந்து ஒரு மட்டிப்பழத்தை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். கையை மடக்கவே இல்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. நான்கு நாளாக எழுதாமல் விட்டது. மூத்தவள் கல்லூரிக்கென்று போட்டிருந்த டெபாசிட்டை மே மாதம் நான் உடைத்துவிட்டேன். வீட்டுக் கடன் தவணைக்காக. மனைவியிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் போட்டுவிடலாம், தெரியவே தெரியாது என்று ஒரு கணக்கு. எப்படியும் கர்த்தர் வேலை தருவார், அதை நம்பித்தானே செய்தேன் என்று அதற்கு விசுவாசம் என்றுகூடப் பெயர் வைத்திருந்தேன்.

தேரி மணல் ஒட்டிய செருப்போடு ஒரு வேப்ப மரத்தடியில் நின்று போன் செய்தேன். கோயம்புத்தூர் இல்லை என்று சொன்னேன். பிறகு டெபாசிட்டைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்த அக்கவுண்ட்டுக்கு என் நம்பர்தானங்க குடுத்திருக்கு. மே 9-ஆம் தேதியே மெசேஜ் வந்துட்டு."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டரை மாசம் ஆவும்னு நினைக்கல." குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். "அத்தைக்கு மாத்திரை ஒழுங்கா குடுங்க. மத்தது ஞாயித்துக்கிழமை வந்ததும் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் ஜன்னல் பக்கம். கணவாயில் மறுபடியும் காற்று. எதிர்பார்த்த அளவுக்கு நான் உடைந்துபோகவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஏன் என்று விளக்க வராது.

ஐந்தாம் நாள், வெள்ளி

காலை ஏழு மணிக்கே ஆரல்வாய்மொழி. வியாகுல அன்னை ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் காற்றாடிமலைக்குப் போனோம். மலைக்குப் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, என் கையைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தாள். நாலு எட்டுக்கு ஒரு முறை நின்றாள். ஆடிக் காற்று பேச்சை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. பேச வேண்டுமானால் காதருகே குனிய வேண்டும்.

1752 ஜனவரி 14 இரவு இங்கே கொண்டுவந்து சுட்டார்கள். செபிக்க நேரம் கேட்டாராம், கொடுத்தார்களாம். முழங்காலிட்ட இடம் என்று பாறையில் தடம் காட்டுகிறார்கள். முழங்காலும் முழங்கையும் ஊன்றிய மாதிரிச் சின்னப் பள்ளங்கள். அம்மா அதில் விரலை வைத்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என்ன செபித்திருப்பார்? வீரமான வசனங்களை நாடகங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒலிவ மலைதான் ஞாபகம் வருகிறது. இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும் என்று கிறிஸ்துவே கேட்டார். வியர்த்துக் கேட்டார், மூன்று தடவை கேட்டார். பிறகு எழுந்து, தன்னைப் பிடிக்க வந்தவர்கள் முன்னால் போய் நின்றார். கிண்ணம் விலகவில்லை. இந்த மூன்று மாதமும் எனக்கு வேலை கொடு என்று கேட்டதை நம்பிக்கைக் குறைவு என்று நினைத்து ரகசியமாக வெட்கப்பட்டிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது. கேட்டேன், இல்லை என்றார்கள், இன்று மறுபடி கேட்டேன்.

மணியடிச்சான் பாறை. அவர் விழுந்தபோது மலையில் இந்தப் பாறை மணி மாதிரி ஒலித்தது என்பது கதை. பக்கத்தில் கிடக்கும் சின்னக் கல்லை எடுத்து எல்லோரும் தட்டுகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். குழந்தை தட்டிவிட்டுச் சிரித்தது. அப்புறம் எங்கள் முறை. அம்மா மூன்று தட்டுத் தட்டிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் கல்லை வாங்கி ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். பழக்க தோஷம். ஒரு சாண் தள்ளி ஒரு தட்டு. இன்னொரு சாண், இன்னொரு தட்டு. காற்று இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, காதைப் பாறையோடு ஒட்டினேன். கருங்கல் குளிர்ந்து கிடந்தது. இதில் விஞ்ஞானம் இருக்கிறது, இப்படிப்பட்ட பாறைகள் அடியில் ஓரிரு இடத்தில் மட்டும் தொட்டு நிற்பதால் அதிர்வு அடங்காமல் ஒலிக்கும். அது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். கிண். கிண்.

"என்னலே பாக்க?"

"விரிசல் இருக்கான்னு."

"இருக்கா?"

சுற்றி முடித்துவிட்டு வந்து, இல்லை என்றேன். அம்மா தலையாட்டினாள், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற மேனேஜர் மாதிரி.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்து மக்கள் தேடிப்பிடித்து, கிடைத்ததைக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள். மத்தியானம் அங்கே போனோம். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது கூட்டத்தில் அம்மா செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள், அதை மறுபடியும் சொன்னாள். கல்லறை முன்னால் மண்டியிட்டு எழ முடியாமல் என் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர் பையில் இருந்தது. வெளியே வந்து இரண்டு பேரும் ஒவ்வொரு வாய் குடித்தோம்.

"நேர்ச்சை முடிஞ்சுதா?" என்றேன்.

"எந்த நேர்ச்சை?"

"இந்தச் சுத்துக்குக் காரணம் சொன்னியே."

"அப்படி ஒண்ணும் இல்ல மக்களே. நேர்ச்சைன்னு சொல்லலன்னா நீ கட்டில விட்டு எழும்புவியா?"

சந்தையில் மட்டிப்பழமும் அரைக் கிலோ நேந்திரங்காய்ச் சிப்ஸும் வாங்கினோம், பேத்திகளுக்கு. நாளை இரவு எனக்கு ரயில். திங்கட்கிழமை காலை பேங்குக்குப் போக வேண்டும், இரண்டு பேருமாக வருவோம் என்று மனைவி மெசேஜ் அனுப்பியிருந்தாள். தவணையைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கவேண்டும். கொடுப்பார்களா தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். ஒரு பஸ் வந்தது, காசு பஸ். இன்னொன்று வந்தது, அதுவும் காசு பஸ். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையைக் கீழே வைத்தேன். அவளுக்கு உட்கார நிழலில் இடம் இருந்தது. பிங்க் பஸ் வரட்டும் என்று நின்றோம்.